நாற்காலியோடு போன ஹெஸ்டர் அத்தை

பெல்டன் மேடு, வெர்மான்ட்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகள் லெனோராவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் முழங்கால் வரை சேறும் அதற்கு மேலே சுகமுமாக இருக்கிறோம். நீயும் நீ வைத்தியம் பார்க்கும் ஆடுகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இப்போது இலை உதிர்கிற காலம் என்று அம்மா சொன்னாள். எங்களுக்கு நேர்மாறாக நடப்பதே உன் வழக்கம், பருவத்தை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷம் மேப்பிள் சாறு தாமதமாகத்தான் இறங்கியது, இறங்கியபோது நிற்காமல் இறங்கியது, அதைப் பாகாகக் காய்ச்சக் கொட்டகையில் அடுப்பு முன்னால் நின்று நின்று என் சட்டை துணியெல்லாம் பாகு வாசனை, மாதா கோவிலில் பின்வரிசைக் குழந்தைகள் என் முதுகை மோந்து பார்க்கிறார்கள். வேலியோரம் இன்னும் பனி கிடக்கிறது, குளத்தில் தவளைகள் கத்த ஆரம்பித்துவிட்டன, தபால்காரர் வண்டியைக் கடைத்தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார், அதனால் உன் பார்சல் நனைந்துதான் வந்தது, ஆனால் கம்பளிக் காலுறை ரொம்ப நன்றாயிருக்கிறது, அம்மா என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் போனில் நீ அத்தையைப் பற்றிக் கேட்டாய். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நான் சொன்னதும் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, இல்லத்துக்குத்தான்டீ போய்ச் சேர்ந்திருக்கா, உங்கப்பாவுக்குப் பேசத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா என்று உன்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் போன் எடுக்கும் அதிகாரம் இல்லை. அதனால்தான் கடிதம். அவள் எப்படிப் போனாள் என்பது போனில் சொல்கிற விஷயமும் இல்லை.

ஜனவரியில் அவள் பின்கட்டுப் படியில் விழுந்தது உனக்குத் தெரியும். அவளைக் கேட்டால் விழவில்லை, உட்கார்ந்தேன் என்பாள். பனியில், நைட்டியோடு, கையில் சாம்பல் வாளியோடு எதற்கு உட்கார்ந்தாய் என்றால், ஏன், என் படி, எனக்கு உட்காரத் தோணிச்சு என்பாள். அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணை லைல் மாடு தேடிக்கொண்டு வராமலிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அதற்கப்புறம் நானும் அம்மாவும் டாக்டரும் மாறி மாறிச் சொல்லி, சமையலும் குளியலும் மாத்திரையும் கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஃபெர்ன் ஹில் முதியோர் இல்லத்துக்குப் போகச் சம்மதிக்க வைத்தோம். சம்மதித்தாள், ஆனால் சேறு காய்ந்ததும் போகிறேன் என்றாள். இந்த ஊரில் சேறு காய்வதற்கும் அடுத்த பனி விழுவதற்கும் நடுவில் எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இல்லத்து மேனேஜர் டெனீஸ் கூப்பிட்டு, ஏப்ரல் நடுவில் ஒரு அறை காலியாகிறது, அப்போது வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்றாள். ஆக சேறு உச்சத்தில் இருக்கும்போதுதான் கிளம்ப வேண்டியதாயிற்று.

மூட்டை கட்ட அம்மா போனாள். அத்தை ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை, ஆனால் பனி வாரும் மண்வெட்டியையும் மரம் அறுக்கும் மிஷினையும் வாசலில் சாத்தி வைத்திருந்தாள். அம்மா பக்குவமாக, அங்கே பனி வார ஆள் இருக்காங்க அண்ணி என்று சொன்னதற்கு, இருப்பாங்க, வாரத் தெரியணுமே என்றாளாம். மண்வெட்டியை எப்படியோ விட்டுவிட்டாள், மிஷினை விடமாட்டேன் என்று நின்றாள். அம்மா டெனீஸுக்குப் போன் போட்டு, அறையில் கத்தி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள், மிஷின் என்று கேட்க வெட்கமாக இருந்ததாம். பழம் நறுக்க ஒரு சின்னக் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்று டெனீஸ் சொல்ல, அத்தை பக்கத்திலிருந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பார்த்தியா, கத்தி வச்சுக்கலாமாம், இதுவும் பல்லு வச்ச கத்திதான், எடுத்து வைடீ என்றாள். கடைசியில் நான் அதைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்து நம் கொட்டகையில் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. பழுது பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன்.

போகிற நாள் சாமான் வண்டி வந்தது, வந்தது என்றால் லைலின் மேய்ச்சல் நிலத்துக்குக் கீழே இருக்கிற வளைவு வரைக்கும் வந்தது. அங்கே அச்சு வரை இறங்கி, கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்துகொண்டது. வண்டியோடு வந்த இரண்டு பேரும் தெற்கேயிருந்து வந்தவர்கள், பனி உருகுகிற ஏப்ரலில் இங்கே மண் ரோட்டில் வரக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, பளபளவென்று காலணி போட்டிருந்தார்கள். ஒருவனுடைய காலணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. லைல் டிராக்டரைக் கொண்டு வந்து இழுத்துப் பார்த்தான், வண்டி வரவில்லை, டிராக்டர்தான் முன்கால் தூக்கிப் பார்த்தது. அப்புறம் அவனே என்னிடம், விடுங்க ஆரின், வைக்கோல் வண்டியைக் கோத்துட்டு வர்றேன், ஏத்திட்டுப் போயிடலாம் என்றான். நல்ல மனுஷன். சின்ன வயதில் அவன் போன பள்ளிக்கூட பஸ்ஸை அத்தைதான் ஓட்டினாள், தினமும் தனக்கு நேர் பின்னால் முன்வரிசையில்தான் அவனை உட்கார வைப்பாள், அவ்வளவு சேட்டை. இன்றைக்கும் அவள் தொண்டையைச் செருமினால் இவன் முதுகு நிமிர்ந்துகொள்கிறது.

கட்டில், அலமாரி, தையல் மிஷின், துணிமூட்டை எல்லாவற்றையும் வைக்கோல் வண்டியில் ஏற்றிவிட்டோம். கடைசியாக அவளுடைய அந்தப் பழுப்புச் சோபா நாற்காலி. நீ சின்னவளாக இருக்கும்போது பக்கத்துப் பிடியை இழுத்து இழுத்து விளையாடுவாயே, கால்பலகை எழும்பி முதுகு சாயுமே, அதுதான். அதில் அத்தை உட்கார்ந்திருந்தாள். கோட் போட்டு, தொப்பி வைத்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எழுந்திரு அக்கா, நாற்காலியை எடுக்கணும் என்றேன். எடுத்துக்கோ என்றாள். நீ எழுந்தால்தானே எடுக்க முடியும் என்றேன். அது உன் கஷ்டம் என்றாள். அம்மா வந்து கெஞ்சினாள், லைல் வந்து கெஞ்சினான், ஒற்றைக் காலணிக்காரன்கூட வந்து, பாட்டி, மழை வர்றதுக்குள்ள கிளம்பிடலாம் என்றான், அவள் அவன் காலைப் பார்த்துவிட்டு, முதல்ல உன் இன்னொரு செருப்பைத் தேடு, அப்புறம் எனக்குப் புத்தி சொல்லலாம் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஜனவரியிலிருந்து அடக்கி வைத்த கோபம். நீ என்ன கழுதையா, சம்மதிச்சுட்டு இப்படி எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்குறியே என்று கத்தினேன். அவள் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள்.

லைல்தான் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியே தூக்கிடலாமே என்றான். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு மூலை பிடித்தோம். அக்கா பூனை கனம்தான், நாற்காலி எருமை கனம். சமையலறை இரட்டைக் கதவு வழியாக வெளியே கொண்டு வந்து, முற்றத்தில் பலகை போட்டிருந்ததன் மேல் அடி எடுத்து வைத்து நடுவில் வந்தபோது என் கை வழுக்கி அந்தப் பிடியில் பட்டுவிட்டது. கால்பலகை படாரென்று எழும்பி லைலின் வயிற்றில் ஒரு குத்து, முதுகுப்பக்கம் பின்னால் சாய்ந்து அத்தை வானத்தைப் பார்த்தபடி நீட்டிப் படுத்துவிட்டாள். லைலுக்கு மூச்சு வரவில்லை, ஆனால் கையை விடவில்லை, அதற்காகவே அவனுக்கு ஒரு டின் பாகு கொடுத்திருக்கிறேன். அத்தை மேலே பார்த்தபடியே, சாதாரணமாக, மழை வர்ற மாதிரிதான் இருக்கு என்றாள்.

வண்டியில் நாற்காலியைப் பின்னோக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். அதெல்லாம் வேண்டாம், பஸ் ஓட்டினவ நான், ரோட்டைப் பார்க்காம வரமாட்டேன் என்றாள். மறுபடியும் அவிழ்த்து முன்னோக்கித் திருப்பிக் கட்டினோம். அம்மா பக்கத்தில் துணிமூட்டை மேல் உட்கார்ந்து குடை பிடித்தாள். நான் வண்டிக் கோடியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சாமான் வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்கள். கிளம்பினதிலிருந்து அத்தையே ஓட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். லைல், இடது பக்கம் பள்ளம். லைல், பாலத்துக்கு முன்னாடி மெதுவா. லைல், என்னைத் திரும்பிப் பார்க்காதே, ரோட்டைப் பாரு. அவனும் சரிங்க, சரிங்க என்றே வந்தான். கடைத்தெருவில் எல்லாரும் காபியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள், தேர் வருகிற மாதிரி நின்று பார்த்தார்கள். அவள் யாருக்கும் கை ஆட்டவில்லை, ஒவ்வொருத்தரையும் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நான் கட்டிலுக்குப் பின்னால் என் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன், அது கம்பிக் கட்டில்.

நூலகத்துக்குப் பக்கத்தில் எதிரே பள்ளிக்கூட பஸ் வந்து நின்று, பிள்ளைகளை இறக்குவதற்காகச் சிவப்பு விளக்கைப் போட்டது. அப்போது எந்த வண்டியும் நகரக்கூடாதே, லைலும் நிறுத்தினான். பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாற்காலி, கட்டில், குடை, அதன் கீழே தொப்பி போட்ட கிழவி என்று பார்த்து ஒரே கூச்சல். அத்தை குரலை உயர்த்தக்கூட இல்லை. தலையை உள்ளே இழு என்றாள். அத்தனை தலையும் ஒரே சமயத்தில் உள்ளே போயிற்று. டிரைவருடைய தலையும் போயிற்று. இதை அம்மா நடித்தே காட்டுவாள், நீ அடுத்த தடவை பேசும்போது கேள், எனக்கு அந்த அளவுக்கு நடிப்பு வராது.

ஃபெர்ன் ஹில் போய்ச் சேர்ந்தபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. இல்லத்தில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் ஜன்னலில். டெனீஸ் கையில் மஞ்சள் பூங்கொத்தோடு, வாங்கம்மா, வாங்க என்று ஓடி வந்தவள் வண்டியைப் பார்த்ததும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் லைலிடம் கொடுத்துவிட்டாள். முன்கதவு பெரிசு, நாற்காலியோடு உள்ளே கொண்டு போய்விட்டோம். அவளுடைய அறை வாசலில்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு விரல் அகலம் பத்தவில்லை. நேராக வைத்துப் பார்த்தோம், பக்கவாட்டில் வைத்துப் பார்த்தோம், அம்மா எங்களை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், அது எதற்கு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. அக்கா, நீ கொஞ்சம் இறங்கினா சாய்ச்சு நுழைச்சிடலாம் என்றேன். அவள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்ப முன் ஹாலுக்குக் கொண்டு போ, அங்கே வெளிச்சம் நல்லாயிருக்கு என்றாள். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில், சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில், நட்ட நடுவில் இறக்கி வைத்தோம். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இருந்துக்கோ, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பாகு காய்ச்சினேன், அடி பிடித்துவிட்டது.

எனக்கு இருந்த பயம் என்னவென்றால், அவள் அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டுமென்றே சாப்பிடாமல் கிடந்து, எங்களுக்குப் பாடம் கற்பிப்பாள் என்பதுதான். மூன்றாம் நாள் டெனீஸ் போன் செய்தாள். அதே பயத்தோடுதான் எடுத்தேன். அவளோ, சார், உங்க அக்கா எங்க சாப்பாட்டு அறையை மாத்தி வச்சிருக்காங்க, பரவாயில்லையா என்று கேட்டாள். விஷயம் இதுதான். ராத்திரி அறையில் படுத்துக்கொள்கிறாள், பொழுது விடிந்தால் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். சாப்பிடப் போகிற எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே யார் எங்கே உட்காருவது என்று வருஷக்கணக்காகச் சண்டையாம், கார்டன் என்று ஒரு பழைய வக்கீல் ஜன்னலோரத்தை விடுவதில்லையாம், ஐடா என்கிற அம்மாள் அவருடைய உப்புக்குப்பியை ஒளித்து வைப்பாளாம். அத்தை பஸ் சீட்டு மாதிரி எல்லாருக்கும் இடம் பிரித்துக் கொடுத்துவிட்டாள். சேட்டைக்காரர்கள் எல்லாம் முன்வரிசையில், அவள் கண் படுகிற இடத்தில். கார்டன் எதிர்த்து வாதாடியிருக்கிறார், இவள் வண்டியை நிறுத்திடுவேன் என்றாளாம். என்ன வண்டி என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்களாம். ஐடா இப்போது அவருக்கு உப்பை எடுத்துக் கொடுக்கிறாள் என்று டெனீஸ் நம்ப முடியாத மாதிரி சொன்னாள்.

நேற்று ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன், அறை வாசல் சட்டத்தைக் கழற்றி நாற்காலியை உள்ளே வைத்துவிட்டு மறுபடி மாட்டிவிடலாம் என்று. அத்தை அவரிடம் மரியாதையாகப் பேசி, காபி குடிக்க வைத்து, ஒரு ஆடுகிற மேஜைக்கால் இருக்கிறது அதைச் சரிசெய்யுங்கள் என்று அனுப்பிவிட்டாள். நாற்காலி இங்கேயேதான் இருக்கும், அறையில போட்டா யார் என்னைத் தாண்டிப் போவாங்க என்றாள். அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. ரோஸா என்று அங்கே உதவி செய்கிற பெண் ஒருத்தி வாக்கரைக் கொண்டு வந்து முன்னால் வைத்து, அத்தையின் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று சொல்லித் தூக்கிவிட்டாள். லெனோரா, உன் அத்தை எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா. இரண்டு தடவை பாதியில் திரும்ப உட்கார்ந்தாள். இடது முழங்கால் சுத்தமாக ஒத்துழைக்கவில்லை. நான் பக்கத்தில் போகப் பார்த்தேன், ஒரு பார்வை பார்த்தாள், நின்றுவிட்டேன். நின்றபிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, என்னடா அப்படிப் பார்க்கிறே என்றாள். எவ்வளவு நாளா இப்படி என்று கேட்டேன். கிளம்பின அன்னிக்குக் காலையிலேருந்துதான், நாற்காலியில உட்கார்ந்து கோட்டு போட்டுக்கிட்டேன், அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தேன், வரல என்றாள்.

அன்றைக்கு நான் அவளைக் கழுதை என்று கத்தியது எனக்கு அப்படியே காதில் கேட்டது. சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். நாலு ஆம்பளைங்க நிக்கிறீங்க, ஒருத்தன் என் பஸ்ஸுல வந்த பய, ஒருத்தனுக்குச் செருப்பே இல்ல, அவங்க முன்னாடி என்னால முடியலன்னு சொல்லச் சொல்றியா, பிடிவாதக்காரின்னு சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன் என்றாள். நான் பேச்சை மாற்ற, எப்படியும் உன்னைத் தூக்கிக்கிட்டுத்தானே வந்தோம், அதுவும் அந்த எருமைக் கனத்தோட சேர்த்து என்றேன். அவள் வாக்கரைப் பிடித்து நிமிர்ந்துகொண்டு, நீங்க தூக்கினது நாற்காலியை, அதுல நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்றாள். அப்புறம் என் பதிலுக்குக் காத்திராமல், முன்வரிசையில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ரோஸாவையும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கே சந்தேகமாம், குடை பிடித்துக்கொண்டு வந்தபோது அத்தை அவள் கையை விடவே இல்லையாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்க கட்டிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறதுல மும்முரமா இருந்தீங்க என்கிறாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் சொல்லு.

உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியது இருக்கிறது கண்ணு. ஆடு உதைக்காத பக்கமாக நின்று வைத்தியம் பார். குளிர் வரப்போகிறது, நீ அனுப்பின மாதிரிக் காலுறை உனக்கும் ஒன்று வாங்கிக்கொள். தனியாக இருக்கிறாய், கை கால் முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்களிடம் வாயைத் திறந்து சொல், நீ அத்தையின் ஜாதி என்பதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். அவளுக்குப் போன் போடு, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போடாதே, அப்போது அவள் வேலையில் இருப்பாள். முழங்கால் விஷயம் உனக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே, நான் எழுதினேன் என்று தெரிந்தால் எனக்கும் முன்வரிசைதான். உன் அம்மா தன் முத்தங்களையும், உன் நைந்த பச்சை ஸ்வெட்டரை இன்னும் தூக்கிப் போடவில்லையா என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள். கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் வாசலில் எப்போதும் காய்ந்த தரை இருக்கட்டும்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா,
ஆரின்